கர்ப்ப காலத்தில் வீட்டிலிருந்து பணிபுரிய அனுமதி கேட்பது எப்படி?

கர்ப்பமாக இருக்கும் ஊழியர் வீட்டிலிருந்து வேலை பார்க்கச் சட்டமே உரிமை கொடுத்திருக்கிறது என்று நம்பிக்கொண்டு மேலாளரின் அறைக்குள் செல்லும் பெண்கள் பலரைப் பார்த்திருக்கிறேன். சட்டம் அப்படிச் சொல்லவில்லை. 1961ஆம் ஆண்டின் மகப்பேறு பயன் சட்டத்தில் 2017இல் சேர்க்கப்பட்ட 5(5)ஆம் பிரிவு கூறியது இதுதான்: மகப்பேறு விடுப்பைப் பயன்படுத்தி முடித்த பிறகு, வேலையின் தன்மை இடங்கொடுத்தால், இரு தரப்பும் ஒப்புக்கொள்ளும் காலத்துக்கும் நிபந்தனைகளுக்கும் உட்பட்டு, வீட்டிலிருந்து பணிபுரிய நிர்வாகம் அனுமதிக்கலாம். அந்தச் சட்டத்துக்குப் பதிலாக 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்திருக்கும் 2020ஆம் ஆண்டின் சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பிலும் இதே ஏற்பாடுதான் தொடர்கிறது. 'அனுமதிக்கலாம்' என்பது வேறு, 'அனுமதிக்க வேண்டும்' என்பது வேறு. ஆராய்ச்சி மையம் ஒன்றில் பணிபுரிந்த பெண், மகப்பேறு விடுப்புக்குப் பின் வீட்டிலிருந்து வேலை செய்யக் கோரித் தொடுத்த வழக்கில், அவருடைய பணி வீட்டிலிருந்து செய்யக்கூடிய தன்மையுடையது அல்ல என்று 2022இல் கர்நாடக உயர் நீதிமன்றம் கூறிவிட்டது. குழந்தை பிறப்பதற்கு முந்தைய மாதங்களைப் பற்றியோ அந்தப் பிரிவு வாய் திறக்கவே இல்லை.

ஆகவே, பிரசவத்துக்கு முன் வீட்டிலிருந்து பணிபுரிவது என்பது கேட்டுப் பெற வேண்டிய ஓர் ஏற்பாடு. இதைச் சொல்வது யாரையும் சோர்வடையச் செய்வதற்காக அன்று. விண்ணப்பத்தை எப்படி எழுத வேண்டும் என்பதே இதிலிருந்துதான் தெரியவருகிறது என்பதற்காக. நிர்வாகத்தின் முன் இருக்கும் கேள்வி 'இந்தப் பெண்ணுக்கு முடிகிறதா, முடியவில்லையா' என்பது மட்டுமல்ல. 'இவருடைய வேலை வீட்டில் நடக்குமா' என்பதும்தான். பெரும்பாலான விண்ணப்பங்கள் முதல் கேள்விக்கு மட்டும் பக்கம் பக்கமாகப் பதில் சொல்லிவிட்டு, இரண்டாவது கேள்வியை மேலாளரின் ஊகத்துக்கு விட்டுவிடுகின்றன.

சென்னையின் பழைய மகாபலிபுரம் சாலையில் உள்ள ஒரு நிறுவனத்தின் மனிதவளப் பிரிவில் பல ஆண்டுகள் இந்த விண்ணப்பங்களைப் படித்தவள் நான். இரண்டு முறை நானே எழுதியும் இருக்கிறேன். முதல் முறை மறுக்கப்பட்டது. அப்போது நான் அனுப்பியது நான்கே வரிகள்: கர்ப்பமாக இருக்கிறேன், தாம்பரத்திலிருந்து வந்துபோவது சிரமமாக இருக்கிறது, மருத்துவர் ஓய்வெடுக்கச் சொல்லியிருக்கிறார், தயவுசெய்து அனுமதி தாருங்கள். அந்த நான்கு வரிகளில் எதுவும் பொய்யில்லை. காலை 8 மணிக்குப் பகிர்வு கேபின் பின்னிருக்கையில் ஏறி, மேடவாக்கம் தாண்டும்வரை ஒவ்வொரு வேகத்தடையிலும் வயிற்றைக் கையால் தாங்கிக்கொண்டு, கைப்பைக்குள் வாந்திக்கென்று ஒரு பிளாஸ்டிக் உறையையும் பாதி எலுமிச்சம்பழத்தையும் வைத்துக்கொண்டு போன நாட்கள் அவை. ஆனால் என் வேலை என்ன ஆகும் என்பதற்கு அந்தக் கடிதத்தில் ஒரு சொல்கூட இல்லை. "ஓய்வு தேவை என்றால் விடுப்பு எடுத்துக்கொள்ளுங்கள்" என்று பதில் வந்தது. அந்தப் பதில் அன்று என்னை மிகவும் நோகச் செய்தது. எனினும், நான் எழுதியதை வைத்துப் பார்த்தால் வேறு பதில் வருவதற்கு வழியில்லை என்பது பிற்பாடுதான் புரிந்தது.

எப்போது சொல்வது

மூன்று மாதம் முடியும்வரை வெளியில் சொல்லக் கூடாது என்று வீட்டுப் பெரியவர்கள் சொல்வார்கள். வாந்தியும் தலைச்சுற்றலும் மிகுதியாக இருப்பதோ பெரும்பாலும் அந்த முதல் 12 வாரங்களில்தான். இரண்டையும் ஒன்றாகக் காப்பாற்ற ஒரு வழி உண்டு. உங்களுடைய நேரடி மேலாளரை மட்டும் தனியாகச் சந்தித்து, செய்தியைக் குழுவில் யாரிடமும் பகிர வேண்டாம் என்று கேட்டுக்கொண்டு, நான்கு வார காலத்துக்கு மட்டும் அனுமதி கேளுங்கள். ஒன்பது மாதத்துக்கும் சேர்த்துக் கேட்டால் மேலாளர் தனக்கு மேலே இருப்பவரிடம் போக வேண்டியிருக்கும். நான்கு வாரம் என்றால் பல நிறுவனங்களில் அவரே முடிவெடுத்துவிட முடியும். அந்த நான்கு வாரமும் வேலை தடங்கலின்றி நடந்துவிட்டால், அடுத்த விண்ணப்பத்துக்கு அதைவிட வலுவான ஆதாரம் கிடையாது.

ஷிஃப்ட் அட்டவணையோ புதிய திட்டத்துக்கான ஆள் ஒதுக்கீடோ முடிவாவதற்கு முன்னால் பேசிவிடுவது நல்லது. ஒதுக்கீடு முடிந்த பிறகு கேட்டால், உங்கள் கோரிக்கை நியாயமாகவே இருந்தாலும், ஏற்கனவே போட்ட கணக்கைக் கலைப்பதாகவே அது தோன்றும்.

மருத்துவச் சான்றிதழில் என்ன இருக்க வேண்டும்

மிக அதிகமான விண்ணப்பங்கள் சறுக்கும் இடம் இதுவே என்பதால் சற்று விரிவாகச் சொல்கிறேன். மகப்பேறு மருத்துவர்கள் பழக்கத்தில் 'முழு ஓய்வு தேவை' அல்லது 'பெட் ரெஸ்ட்' என்று எழுதிக் கொடுத்துவிடுவார்கள். நோயாளிக்கு உதவ வேண்டும் என்ற நல்லெண்ணத்தில் எழுதப்படும் அந்த இரண்டு சொற்களே வீட்டிலிருந்து பணிபுரியும் வாய்ப்பை அடைத்துவிடும். முழு ஓய்வு தேவைப்படும் ஒருவரை வேலை செய்ய வைக்க எந்த மனிதவளத் துறையும் துணியாது, துணியவும் கூடாது. உங்களுக்கு வேண்டியது, 'அலுவலகத்துக்குப் பயணம் செய்வதைத் தவிர்க்க வேண்டும்; வீட்டில் அமர்ந்த நிலையில், இடைவேளைகளுடன் பணிபுரியத் தகுதியுடன் இருக்கிறார்' என்ற பொருள்படும் வாசகம். அதனுடன் காரணம், எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதிவரை, அடுத்த பரிசோதனை எப்போது, பிரசவம் எதிர்பார்க்கப்படும் நாள் எது ஆகியவையும் இருந்தால் போதும்.

கூட்டம் நிறைந்த புறநோயாளிப் பிரிவில் மருத்துவர் உங்களுக்கு ஒதுக்கக்கூடியது ஐந்து நிமிடம்தான். ஆகையால், ஒருவழிப் பயணத்துக்கு எவ்வளவு நேரம் ஆகிறது, பேருந்தா இருசக்கர வாகனமா கேபா, இரவு ஷிஃப்ட் உண்டா, ஒரு நாளில் எத்தனை மணி நேரம் உட்கார்ந்தோ நின்றோ வேலை என்பதை ஒரு துண்டுத்தாளில் எழுதிக்கொண்டு போங்கள். நஞ்சுக்கொடி கீழிறங்கி இருப்பது, இரத்தக் கசிவு, இரத்த அழுத்தம், இரட்டைக் குழந்தைகள், முன்பு கருச்சிதைவு ஏற்பட்டது, கருப்பை வாயில் தையல் போட்டிருப்பது போன்றவை இருந்தால், மருத்துவர் அவற்றைப் பயணத்தோடு தொடர்புபடுத்தி எழுதுவதற்கு அந்தத் தாள் உதவும். ஸ்கேன் அறிக்கையையும் இரத்தப் பரிசோதனை முடிவுகளையும் தாமாக முன்வந்து அலுவலகத்துக்கு அனுப்ப வேண்டியதில்லை. முறையாக எழுதப்பட்ட ஒரு பக்கச் சான்றிதழே போதுமானது.

மருத்துவர் உண்மையாகவே முழு ஓய்வு வேண்டும் என்று சொன்னால், அதை மாற்றி எழுதித் தரும்படி அவரை வற்புறுத்தாதீர்கள். மடிக்கணினியை மடியில் வைத்தபடி படுக்கையில் கிடந்து வேலை பார்ப்பது ஓய்வாகாது. கர்ப்பத்தினால் ஏற்படும் உடல்நலக் குறைவுக்கு, மகப்பேறு விடுப்புக்கு மேலாக, ஊதியத்துடன் கூடிய ஒரு மாதம் வரையிலான விடுப்புக்குச் சட்டத்தில் இடமிருக்கிறது. இது நிர்வாகத்தின் விருப்பத்தைப் பொறுத்த சலுகை அன்று, உரிமை. உரிய சான்றுடன் கேட்டால் கொடுத்தாக வேண்டும். இந்த ஏற்பாடு இருப்பதே தெரியாமல் சம்பளமில்லா விடுப்பில் போன பெண்களை நினைத்தால் இன்றும் எனக்கு வருத்தமாக இருக்கிறது.

வேலையைக் கூறு போடுவது

விண்ணப்பம் எழுதுவதற்கு முன் ஒரு வாரம், நீங்கள் செய்யும் ஒவ்வொரு வேலையையும் நேரத்துடன் குறித்து வாருங்கள். வார இறுதியில் அதை மூன்றாகப் பிரியுங்கள்: வீட்டிலிருந்து அப்படியே செய்யக்கூடியவை, சிறு மாற்றத்துடன் செய்யக்கூடியவை, அலுவலகத்தில் மட்டுமே செய்ய முடிந்தவை. மென்பொருள் சோதனைப் பிரிவில் இருந்த ஒரு தோழியின் பட்டியலை நான் பார்த்திருக்கிறேன். அவருடைய 42 மணி நேரத்தில் 5 மணி நேரம் மட்டுமே ஆய்வகத்தில் இருக்கும் கருவிகளைத் தொட்டுச் செய்யும் வேலை. அதைக் குழுவில் இன்னொருவர் பார்த்துக்கொள்வதாகவும், அவருடைய அறிக்கை எழுதும் பணியைத் தான் ஏற்றுக்கொள்வதாகவும் இருவரும் முன்கூட்டியே பேசி முடித்துக்கொண்டு, அந்த உடன்பாட்டையும் விண்ணப்பத்தில் எழுதினார். மேலாளர் கேட்கவிருந்த கேள்விக்கு அவர் கேட்பதற்கு முன்பே பதில் வந்துவிட்டது. முழுவதும் வீட்டிலிருந்து செய்ய இயலாத வேலையாக இருந்தால், வாரத்தில் ஒரு நாளோ இரண்டு நாளோ அலுவலகம் வருவதாகச் சொல்லலாம். அந்த நாட்களில் நெரிசல் நேரம் கழிந்து, காலை 11 மணிக்கு வர அனுமதி கேட்கலாம்.

வீட்டில் இணைய இணைப்பு தடைபட்டால் மாற்று என்ன, மின்வெட்டு நேரத்தில் இன்வெர்ட்டர் எவ்வளவு நேரம் தாங்கும், வாடிக்கையாளர் நிறுவனத்தின் தகவல்களைக் கையாளத் தனி அறை இருக்கிறதா என்பனவற்றையும் ஓரிரு வரிகளில் சொல்லிவிடுங்கள். அலுவலகம் சிறப்புப் பொருளாதார மண்டலத்துக்குள் இருந்தால், மடிக்கணினியை வெளியே கொண்டுபோவதற்கும் வீட்டிலிருந்து பணிபுரிவோரின் பட்டியலைப் பராமரிப்பதற்கும் தனி விதிமுறைகள் உள்ளன. 2022 ஜூலையில் அதற்கென்றே 43ஏ என்ற விதி சேர்க்கப்பட்டது. தற்காலிகமாக உடல் இயலாத நிலையில் இருக்கும் ஊழியர்கள் அதில் தனி வகையாகவே குறிப்பிடப்பட்டனர். மண்டல விதி இடந்தராது என்று யாராவது ஒற்றை வரியில் முடித்துவிட்டால், இப்போது நடப்பில் உள்ள விதி என்ன என்று மனிதவளத் துறையிடம் எழுத்தில் கேளுங்கள்.

கடிதம்

ஐ.டி. நிறுவனங்களில் இதை ஆங்கில மின்னஞ்சலாகத்தான் அனுப்புவீர்கள். உள்ளடக்கம் ஏறக்குறைய இப்படி இருக்கட்டும்:

"நான் தற்போது 22 வார கர்ப்பமாக இருக்கிறேன். பிரசவம் எதிர்பார்க்கப்படும் நாளும், நீண்ட பயணத்தைத் தவிர்க்கும்படி கூறும் மருத்துவரின் பரிந்துரையும் இணைப்பில் உள்ள சான்றிதழில் உள்ளன. வரும் திங்கட்கிழமை முதல் எட்டு வாரங்களுக்கு வீட்டிலிருந்து பணிபுரிய அனுமதி கோருகிறேன். என் வழக்கமான பணிநேரமான காலை 9.30 முதல் மாலை 6.30 வரை இணைப்பில் இருப்பேன். தினசரிக் குழுக் கூட்டங்கள் அனைத்திலும் பங்கேற்பேன். என் பணிகளில் அலுவலகத்தில் மட்டுமே செய்யக்கூடிய பகுதி எது என்பதையும் அதற்கான மாற்று ஏற்பாட்டையும் கீழே தந்துள்ளேன். நான்காவது வார முடிவில் இந்த ஏற்பாட்டை நாம் இருவரும் சேர்ந்து மறுபரிசீலனை செய்யலாம். என் ஊதியத்திலும் பதவியிலும் எந்த மாற்றமும் இன்றி இது தொடரும் என்று புரிந்துகொள்கிறேன்."

கடைசி வரியை விட்டுவிடாதீர்கள். மன்னிப்புக் கேட்கும் தொனியும் வேண்டாம். 'சிரமத்துக்கு வருந்துகிறேன்' என்று தொடங்கும் விண்ணப்பங்களை எத்தனையோ படித்திருக்கிறேன். கர்ப்பமாக இருப்பதற்காக யாரிடமும் வருத்தம் தெரிவிக்க வேண்டிய அவசியமில்லை.

மின்னஞ்சலை அனுப்புவதற்கு ஒரு நாள் முன்னதாக மேலாளரிடம் நேரில் பேசிவிட்டால், கடிதம் அவருக்கு அதிர்ச்சியாக இருக்காது. உங்களுக்கு அனுமதித்தால் எல்லோரும் கேட்பார்களே என்று அவர் தயங்கினால், இது முடிவுத் தேதியுள்ள, மருத்துவச் சான்றின் பேரிலான கோரிக்கை என்பதைச் சொல்லுங்கள். கொரோனா காலத்தில், 2022 ஜனவரியில், மத்திய அரசே தன் கர்ப்பிணி ஊழியர்கள் அலுவலகம் வருவதிலிருந்து விலக்களித்து, வீட்டிலிருந்து பணிபுரியச் சொன்னதை நினைவூட்டலாம். இது கட்டாயப்படுத்தும் ஆணை இல்லையென்றாலும் நல்ல முன்னுதாரணம். வாடிக்கையாளர் ஒப்புக்கொள்ள மாட்டார் என்றால், அவரிடம் கேட்டுப் பார்த்தாயிற்றா என்று பணிவாக விசாரியுங்கள். பல நேரங்களில் யாரும் கேட்டிருக்கவே மாட்டார்கள்.

இப்போதே மகப்பேறு விடுப்பைத் தொடங்கிவிடுங்கள் என்ற யோசனைக்கு மட்டும் உடனே தலையாட்டிவிட வேண்டாம். முதல் இரண்டு குழந்தைகளுக்கு மொத்தம் 26 வார விடுப்பு. அதில் பிரசவத்துக்கு முன் அதிகபட்சம் 8 வாரம்தான் எடுக்க முடியும். அந்த எட்டையும் முன்னாலேயே எடுத்துவிட்டால், குழந்தையோடு இருக்க 18 வாரங்களே மிஞ்சும். உடல் ஒத்துழைத்து, 38ஆவது வாரம் வரை வீட்டிலிருந்து வேலை பார்க்க முடிந்தால், பின்னால் 24 வாரங்கள் கிடைக்கும். பலருக்கு வீட்டிலிருந்து பணி என்பதன் உண்மையான மதிப்பு இந்த ஆறு வாரங்கள்தான்.

ஒப்புதல் எழுத்தில் இருக்கட்டும்

"சரி, பார்த்துக்கொள்ளலாம்" என்ற வாய்மொழி ஒப்புதல், அந்த மேலாளர் வேறு குழுவுக்கு மாறிய மறுநாளே செல்லாததாகிவிடும். அவர் எழுதித் தராவிட்டால், "நேற்று நாம் பேசியபடி" என்று தொடங்கி, தேதிகளையும் நேரத்தையும் நீங்களே எழுதி அனுப்பி, மனிதவளத் துறைக்கும் நகல் அனுப்புங்கள்.

இரண்டு விஷயங்களில் கூடுதல் கவனம் வேண்டும். ஒன்று, வருகைப் பதிவு. மகப்பேறு பயன் பெற, எதிர்பார்க்கப்படும் பிரசவ நாளுக்கு முந்தைய 12 மாதங்களில் குறைந்தது 80 நாட்கள் பணிபுரிந்திருக்க வேண்டும். புதிதாகச் சேர்ந்தவர்களுக்கு இது முக்கியம். வீட்டிலிருந்து பணிபுரிந்த நாட்கள் பணிநாட்களாகவே பதிவாகின்றனவா என்று ஒவ்வொரு மாதமும் சரிபாருங்கள். ஒரு மென்பொருள் அமைப்பின் பிழையால் அவை விடுப்பாகப் பதிவாகி, பின்னர் திருத்துவதற்கு அலைந்தவர்களை எனக்குத் தெரியும். மற்றொன்று, ஊதியம். விடுப்புக் காலத்துக்கான தொகை, விடுப்பில் செல்வதற்கு முந்தைய மூன்று மாதங்களின் சராசரி நாள் ஊதியத்தை வைத்தே கணக்கிடப்படுகிறது. வீட்டிலிருந்து வேலை செய்வதால் சம்பளத்தில் ஒரு பகுதியைக் குறைத்துக்கொள்ளச் சம்மதித்தால், அந்தக் குறைவு 26 வாரங்களுக்கும் உங்களைத் தொடரும். போக்குவரத்துப் படியை நிறுத்துவது வேறு. அடிப்படை ஊதியத்தில் கைவைப்பது வேறு.

மறுத்துவிட்டால்

மறுப்பையும் காரணத்துடன் எழுத்தில் கேளுங்கள். காரணம் தெரிந்தால்தான் அதற்கேற்ற மாற்றுக் கோரிக்கையை வைக்க முடியும்: இரவு ஷிஃப்டிலிருந்து பகலுக்கு மாற்றம், வீட்டுக்கு அருகிலுள்ள கிளையில் தற்காலிகப் பணி, நெரிசல் இல்லாத நேரத்தில் வந்துபோவது, கேபில் முன்னிருக்கை. செவிலியர், ஆசிரியர், துணிக்கடை விற்பனையாளர், தொழிற்சாலைத் தொழிலாளர் போன்றோருக்கு வீட்டிலிருந்து பணி என்பதே பொருந்தாது. அவர்களுக்குச் சட்டம் வேறொன்றைக் கொடுத்திருக்கிறது. பிரசவம் எதிர்பார்க்கப்படும் நாளுக்கு முந்தைய ஆறு வாரங்கள், அதற்கும் முந்தைய ஒரு மாதம், அதாவது சுமார் 30ஆவது வாரத்திலிருந்து, பெண் கேட்டுக்கொண்டால் கடினமான வேலையையோ நெடுநேரம் நின்று செய்யும் வேலையையோ அவருக்குக் கொடுக்கக் கூடாது. அந்த வேலையைக் கொடுக்காததைக் காரணம் காட்டி ஊதியத்தையும் குறைக்கக் கூடாது. 'கேட்டுக்கொண்டால்' என்பதுதான் இதில் முக்கியமான சொல். கேட்காதவருக்கு இந்தப் பாதுகாப்பு தானாக வந்து சேராது.

மனம் வெறுத்து ராஜினாமா கடிதம் மட்டும் கொடுத்துவிடாதீர்கள். கர்ப்ப காலத்தில் நிர்வாகம் பணிநீக்கம் செய்தாலும், கடுமையான ஒழுங்கீனம் அல்லாத மற்ற எந்தக் காரணத்தாலும் மகப்பேறு பயன் பறிபோகாது. அப்படிப் பறிக்கப்பட்டால் 60 நாட்களுக்குள் உரிய அதிகாரியிடம் மேல்முறையீடு செய்யலாம். தாமாக விலகியவருக்கு இந்தக் காப்பு இல்லை. விலகிவிடுவதே உங்களுக்கு நல்லது என்று யாராவது அன்பாகப் பேசினாலும், அந்தப் பேச்சு நடந்த நாளையும் நேரத்தையும் குறித்து வையுங்கள்.

அனுமதி கிடைத்தவர்கள், முடிவுத் தேதிக்கு இரண்டு வாரம் முன்பே நீட்டிப்புக்கு எழுதிவிட வேண்டும். ஒவ்வொரு மாதப் பரிசோதனையின்போதும் சான்றிதழைப் புதுப்பித்துக்கொண்டால் இது எளிது. வீட்டில் இருக்கிறோம் என்பதற்காக இரவு 9 மணி அழைப்புகளையெல்லாம் ஏற்கத் தொடங்கினால், பயணத்தில் மிச்சமான நேரம் அதிலேயே கரைந்துவிடும். மணிக்கு ஒரு முறையாவது எழுந்து நடங்கள். சர்க்கரைப் பரிசோதனை, ஸ்கேன் ஆகியவற்றுக்கான நாட்களை முன்கூட்டியே அலுவலக நாள்காட்டியில் அடைத்து வையுங்கள். என் இரண்டாவது கர்ப்பத்தில், கூறுகூறாகப் பிரித்த வேலைப் பட்டியலுடனும், 'பெட் ரெஸ்ட்' என்ற சொல் இல்லாத சான்றிதழுடனும் அனுப்பிய கடிதத்துக்கு மூன்றாம் நாளே ஒப்புதல் வந்தது. நான்கு வாரம் என்று தொடங்கியது, மூன்று நீட்டிப்புகளுடன் 37ஆவது வாரம் வரை போனது. கடைசி நாள் மாலையில் பொறுப்பு ஒப்படைப்புக் குறிப்பை அனுப்பிவிட்டு, சாப்பாட்டு மேசையிலிருந்த மடிக்கணினியை மூடி எடுத்து வைத்தேன்.